நாற்பத்திரண்டாம் நம்பர் வீட்டுப் புழு

“மறுபடியும் புழு இருக்குன்னு எழுதியிருக்கியா?”

கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு அட்டையைக் காட்டிக் கேட்டாள் கல்பனா. அட்டையில் தேதி, கையெழுத்து, பக்கத்தில் ‘புழு உண்டு’. இது தொடர்ந்து மூன்றாவது வாரம்.

“இருந்துச்சுக்கா. பார்த்துத்தான் எழுதினேன்” என்றாள் திலகவதி. வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி எல்லாம் பார்த்து மருந்து ஊற்றுகிற தினக்கூலிப் பணியாளர் அவள். தோளில் மருந்துப் பை, கையில் டார்ச்.

“எங்க? காட்டு, நானும் பாக்கறேன்.”

“மருந்து ஊத்திட்டேன்க்கா. செத்துப் போயிருக்கும்.”

“செத்த புழுவையாவது காட்டு.”

திலகவதி காட்டவில்லை. “இன்னும் எட்டு ஊடு பாக்கி இருக்குக்கா” என்று நழுவிவிட்டாள்.

கல்பனாவுக்குத் தலை சுற்றியது. அந்தச் சந்திலேயே சுத்தத்துக்குப் பேர்போனவள் அவள்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்ப்பாள். குடத்துக்குக்கூடத் துணி கட்டி வைப்பாள். விருந்தாளி காபியைக் குடித்து முடிப்பதற்குள் டம்ளருக்குக் கை நீட்டுகிற ரகம். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் புழு என்றால் ஊர் சிரிக்காதா? எதிர்வீட்டு லட்சுமியம்மாள் ஏற்கெனவே சிரித்துவிட்டாள்.

கல்பனா டிரம் தண்ணீரை டீ வடிகட்டியில் வடிகட்டினாள். வெள்ளைத் தட்டில் ஊற்றி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டைக்கூடக் கழற்றிப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை.

“உன்னப் பார்த்து பயந்து ஓடியிருக்கும்” என்றான் கணவன் பாஸ்கர், காட்டுப்பள்ளி துறைமுக ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே.

“நீ வேற பேஜாரு பண்ணாத. எனக்கு ஒண்ணுமே புரியல.”

புரியாதது இன்னொன்றும் இருந்தது. புழு இருக்கிற வீட்டுக்குப் புகை மெஷின் வரும். இரண்டு தடவை வந்தது. மெஷின்காரர் வாசலில் நின்று “இதான நாப்பத்திரெண்டு?” என்று கேட்டார். திலகவதி அவரை உள்ளே விடாமல், சுற்றிக்கொண்டு பின்பக்கம் அழைத்துப் போனாள். மெஷின் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கேட்டது. புழு இங்கே, புகை அங்கே. இது என்ன கூத்து?

குழப்பமும் கோபமுமாக சுகாதார ஆபீசுக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை சுகாதார ஆய்வாளர் பரசுராமன் வந்தார். பின்னாலேயே திலகவதி, முகம் செத்துப்போய். எதிர்வாசலில் லட்சுமியம்மாள் அவசரமாகக் கீரை ஆய உட்கார்ந்தாள்.

“பொய்யா எழுதியிருந்தா இன்னியோட உனக்கு வேலை இல்ல, தெரிஞ்சுக்கோ” என்று திலகவதியிடம் சொல்லிவிட்டு, டிரம்களைப் பார்த்தார். பிறகு மாடித் தொட்டியைப் பார்க்க ஏறினார்.

“இப்பவாவது சொல்லு” என்றாள் கல்பனா. “என் ஊட்டு மேல உனக்கு இன்னா கோவம்?”

“கோவமெல்லாம் இல்லக்கா.” திலகவதி குரலைத் தாழ்த்தினாள். “உன் மதிலுக்குப் பின்னால தகர ஷெட்டு இருக்குல்ல, இரும்பு கம்பெனில வேலை செய்ற ஒடிசாக்காரங்க. பதினாலு குடும்பம். எல்லா டிரம்முலயும் புழு நெளியுது. ரெண்டு கொழந்தைக்கு டெங்கு.”

“அப்ப அங்க இருக்குன்னு எழுதறதுதான?”

“அந்த ஷெட்டுக்குக் கதவு நம்பரே இல்லக்கா. நம்பர் இல்லன்னா லிஸ்ட்ல இல்ல. லிஸ்ட்ல இல்லன்னா மருந்தும் கெடையாது, மெஷினும் வராது. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. அதான் உன் நம்பர்ல எழுதி மருந்த வாங்கி, அங்க ஊத்திக்கினு இருந்தேன்.”

“சந்துல இத்தினி ஊடு இருக்கு. என் ஊடுதான் கெடைச்சுதா?”

“மத்த ஊட்ல எழுதினா, திடீர்னு சார் வந்து பார்ப்பாரு. நெசமாவே புழு இருக்கும், நோட்டீஸ் குடுத்துருவாரு. உன் ஊட்லதான் எப்ப தேடினாலும் ஒண்ணும் இருக்காது. அந்த தைரியத்துல எழுதினேன். நீ ஆபீசுக்கே ஃபோன் போடுவன்னு நெனைக்கல.”

கல்பனா மதிலைப் பார்த்தாள். அந்தப் பக்கத்து அழுக்கு கண்ணில் படக்கூடாது என்று போன வருஷம் அவள்தான் அதை இரண்டடி உயர்த்திக் கட்டச் சொன்னாள். அங்கே குழந்தைகள் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. வெட்கமாக இருந்தது.

ஆய்வாளர் இறங்கி வந்தார். “துளி அழுக்கு இல்லம்மா. பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வீட்ட நான் பார்த்ததில்ல” என்றார் சத்தமாக. மூன்று வாரமாக அவள் ஏங்கிய வார்த்தை. எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவர் திலகவதி பக்கம் திரும்பினார். “பையைக் கழட்டு.”

திலகவதி மருந்துப் பையைக் கழற்றினாள்.

“சார், புழு இருந்துச்சு” என்றாள் கல்பனா.

“என்னம்மா சொல்றீங்க? நீங்கதான ஃபோன் பண்ணி இல்லவே இல்லன்னீங்க?”

“மானம் போவுதேன்னு பொய் சொல்லிட்டேன் சார். நீங்க வர்றீங்கன்னு விடிஞ்சதும் எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவி ஊத்திட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல.”

எதிர்வாசலில் கீரை ஆய்வது நின்றது.

ஆய்வாளர் குழம்பிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப உங்க பேர்லதான் நோட்டீஸ் எழுதணும்.”

“எழுதுங்க.”

“இனிமேலாவது வீட்ட சுத்தமா வெச்சுப்பீங்களா?”

“எங்க சார்? அவ்ளோ சுத்தமெல்லாம் எனக்கு வராது” என்றாள் கல்பனா. “அடுத்த வாரமும் புழு இருக்கும். மெஷின அனுப்பி வைங்க.”