மூச்சு வாங்குதா

பூங்கோதையின் தலைக்குள் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்த ஆண்குரல், ஆராய்ச்சி மாத்திரையைத் தொடங்கிய பிறகுதான் ஓய்ந்தது. ஆனால் அந்த மாத்திரை சிலருக்கு இதயத் தசையை வீங்க வைக்குமாம். மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிடுவோம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

மாதாந்திரப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரி மாடியேறியதும் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. உள்ளே போகாமல் வராந்தாவில் நின்று, அணைந்த போனைக் காதில் வைத்து, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் "ம்… ம்…" என்று தலையாட்டினாள். இளைப்பு அடங்குவதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"படியேறினா மூச்சு வாங்குதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

பூங்கோதை போனைப் பைக்குள் போட்டாள்.

மாதக்கணக்கில் கேட்காத அந்தக் குரல், இந்த முறை ஏசாமல், காதோரம் பரிவாகச் சொன்னது: "இல்லேன்னு சொல்லிடு."