வளைந்த குச்சி

“குச்சி வளைஞ்சிருக்கு லுசெட். சத்தியமா வளைஞ்சிருக்கு.”

தோட்டாவை எடுத்துவிட்டு, ரைஃபிளின் நுனியில் நிற்கும் குறிக்குச்சியைச் சின்னச் சுத்தியலால் மூன்றாவது முறை தட்டினான் என் அண்ணன் ரெஜினால்ட்.

ஜல்லிக்குழியில் எங்களைத் தவிர யாருமில்லை. நாளை விடிந்தால் மான் சீசன். இன்று மதியத்துக்குள் ஊரே அல்லாகாஷ் காட்டுக்குள் போய்விடும். போன வருடம் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மானைத் தவறவிட்டவன் அண்ணன். இந்த வருடமும் விட்டால் வேட்டை முகாமில் தலைகாட்ட முடியாது.

அதற்காகத்தான் ரைஃபிள்மேல் இருந்த ஸ்கோப் தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு, கண் வைக்கும் பக்கம் துளைக்குறி மாட்டியிருந்தான். சட்டை பட்டன் அளவு வட்டு, நடுவில் ஓட்டை. அதன் வழியே குச்சியைப் பார்த்து, குச்சியை மானின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். பனி விழுந்தால் ஸ்கோப் மங்கும். இதை ஊதிவிட்டால் போதும். புதருக்குள் சட்டென்று குறி கிடைக்கும். ஆனால் பொழுது சாய்ந்து, மான் வெளியே வரும் நேரம் பார்த்து ஓட்டை இருட்டிவிடும்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியே பார்த்தேன். மங்கிக் கிடந்த இலக்கு அட்டையில் எண்கள்கூடப் பளிச்சென்று தெரிந்தன.

“குச்சி நேராத்தாண்ணே இருக்கு.”

“கண்ணாடி இல்லாட்டி மானுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது உனக்கு. நீ எனக்குச் சொல்றியா?”

சின்ன ஓட்டை வட்டைப் போட்டுப் பார்த்தான். பெரியதைப் போட்டான். வளைவு போகவில்லை. மறுபடி சுத்தியலை எடுத்துத் தட்டினான்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. “இடது கண்ணால பாரேன்.”

முனகிக்கொண்டே தோள் மாற்றினான்.

“அட, நிமிந்துடுச்சே!” என்று சிரித்தான். “தட்டினது வேலை செஞ்சிருக்கு பாத்தியா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் ஆஸ்பத்திரியில், வந்தவர்களின் கண் முன்னால் ஓட்டை போட்ட கறுப்பு மட்டையைப் பிடிப்பது பதினாறு வருடமாக என் வேலை. ஓட்டை வழியே பார்வை தெளிந்தால் கண்ணாடி போட்டாலே சரியாகிவிடும். ஓட்டை வழியேயும் நேர்கோடு வளைந்தே தெரிந்தால் கோளாறு விழித்திரையில். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ரைஃபிளை வாங்கி வண்டியில் வைத்தேன்.

“எத்தனை நாளா வளைஞ்சிருக்கு?”

“திங்கக்கிழமையிலேருந்து. ஏன்?”

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் மான் வேட்டைப் பைத்தியம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். மணி பதினொன்றே கால்.

“சாவியக் குடுண்ணே. நான் ஓட்டுறேன்.”