எதிரில் நிற்பவள்

கண் கட்டை அவிழ்க்கும்போது எதிரில் ரேணுகாதான் நிற்க வேண்டும் என்று தேசப்பன் அடம் பிடித்தான். "மொதல்ல எம் பொண்டாட்டி மூஞ்சதான் பாக்கணும் சிஸ்டர். பழைய படத்துல அப்டித்தான்."

"படத்துல பளிச்சுனு தெரியும். உங்களுக்கு மங்கலாத்தான் தெரியும், போகப் போகத்தான் சரியாவும்," என்றாள் நர்ஸ் மெர்சி. "அப்புறம் எங்களக் கொறை சொல்லக் கூடாது."

வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து நேராகத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியிருந்தாள். கம்பெனி சீருடையைக்கூட மாற்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும்போது அமிலம் தெறித்து தேசப்பனுக்கு இரண்டு கண்ணும் போனது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொள்வது அவன் ஸ்டைல். அவன் வேலையைக் கம்பெனி ரேணுகாவுக்குக் கொடுத்தது.

வேலைக்கும் போய்க்கொண்டு அவனைக் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள். தானமாகக் கருவிழி கிடைக்க அவன் பெயரைப் பதிந்துவைத்து, மாதம் தவறாமல் இங்கே அழைத்து வந்தாள். நேற்றுதான் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது.

"தங்கமான மருமக," மெர்சி அவன் அம்மாவிடம் சொன்னாள். "லவ் மேரேஜா?"

"அது பெரிய கூத்தும்மா!" மாமியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இவன் ஒரு வருசம் பின்னாடியே சுத்தினான். இவ திரும்பிக்கூட பாக்கல. இவனுக்கு எந்நேரமும் பழைய படந்தான். ஈரோ வலுக்கட்டாயமா தாலி கட்டுவான் பாரு, அந்த சீனையே போட்டுப் போட்டுப் பாத்துக்கினு கெடப்பான்."

"அப்புறம்?"

"தீமிதி பாக்க வந்தவள, அம்மாம் ஜனத்து நடுவுல புடிச்சிக் கட்டிட்டான்! இவ வேணா வேணான்னு கத்துறா. பம்பைக்காரனுங்க இவளுக்கு சாமி வந்துட்ச்சினு நெனச்சி எகிறி அடிக்கிறானுங்க."

மெர்சி மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள். "போலீசுக்குப் போலயா?"

"எதுக்கு? கழுத்துல ஏறிட்டா ஏறினதுதான். இவ அப்பனே கொண்டாந்து எங்க ஊட்ல வுட்டுட்டுப் போய்ட்டான். படத்துல கடசில அந்தப் பொண்ணே வந்து கால்ல வுழும் இல்ல? இவளும் அப்டியே மாறிட்டா."

"இன்னா மொற மொறச்சா அன்னிக்கு!" கட்டுக்குக் கீழே தேசப்பனின் வாய் சிரித்தது.

ரேணுகா மெர்சியைப் பார்த்தாள். "இனிமே தனியா நடமாடுவாரா சிஸ்டர்? யாராச்சும் கூடவே இருக்கணுமா?"

"தேவையில்லக்கா. சொட்டு மருந்துதான் முக்கியம். அத அம்மாவே போடலாம்."

"நெசமா?"

"நெசமாத்தான். பயப்படாதீங்க."

"பாத்தியா பாசத்த," என்றாள் மாமியார்.

மெர்சி கட்டை அவிழ்த்தாள். தேசப்பன் மெல்லக் கண்ணைத் திறந்தான். இமை படபடத்தது.

"புகை மாதிரி இருக்குது... ரேணு! தெரியுது ரேணு!"

"அழாதீங்க, கண்ணுக்கு ஆவாது," என்றாள் மெர்சி.

ரேணுகா கட்டிலருகே வந்து கையை உயர்த்தினாள். "எத்தினி வெரலு?"

"மூணு."

"இப்ப?"

"ஒண்ணு." சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான்.

அந்த ஒற்றை விரலால் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தூக்கினாள். தலைவழியாகக் கழற்றி, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடிப்பாவி!" மாமியார் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

தேசப்பன் கையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். "இன்னா ரேணு இது? வெளாடாத."

"கும்மிடிப்பூண்டில எனக்குத் தனியா ரூம் எடுத்துட்டேன். எந்தெந்த மருந்து எப்பன்னு உங்கம்மாவுக்கு எழுதி வெச்சிருக்கேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவன் கயிற்றோடு எழுந்து உட்கார்ந்தான். "போறவ கண்ணு போன அன்னிக்கே போயிருக்கலாமில்ல? எதுக்கு ரெண்டு வருசம் கூட இருந்து பாத்த?"

ரேணுகா நின்றாள். அவனுக்குத் தெரியும்படி முகத்தை நேராகக் காட்டினாள்.

"குருடன வுட்டுட்டுப் போயிருந்தா, ஊரே உன்னப் பாவம்னு சொல்லி, நீ பண்ணத மறந்திருக்கும்."