வளரும் சட்டை

"முப்பதே நாள்னு சொன்னீங்களே?"

"முப்பது நாள்தான் டீச்சர். கப்பல்ல ஏறினதுலேர்ந்து முப்பது நாள்."

"எப்ப ஏறும்?"

"பெட்டி நிறைஞ்சா ஏறும்."

"எப்ப நிறையும்?"

"நிறையும்போது நிறையும் டீச்சர்."

டீச்சர் போனை வைத்தாள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் சாக்குகளைப் பதினோரு வருஷமாகக் கேட்டுத் தேறிய காது அது. இருந்தும் இந்த ஏஜென்ட்டிடம் அவள் பாச்சா பலிக்கவில்லை.

ஒரு மஞ்சள் சட்டை, அவ்வளவுதான் விஷயம். அந்த வெளிநாட்டுக் கடை நேராக இங்கே அனுப்பாது. ஏஜென்ட்தான் வாங்கி, அங்கே ஒரு கிடங்கில் வைத்து, நாலு பேர் சாமானோடு சேர்த்துக் கப்பலேற்றுவார். எட்டாம் மாத வயிற்றோடு ஆர்டர் போட்டபோது, 'பிறக்கப்போகும் குழந்தைக்கு' என்று குறிப்பு எழுதி, பிரசவத் தேதியையும் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பா அந்தச் சட்டையில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசை.

பாப்பா ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

சாமான் கிடங்குக்கு வந்ததும் ஒரு தடவை, பிறகு கப்பல் தவறும்போதெல்லாம் மறுபடி எடை போட்டு, படம் பிடித்து அனுப்புவார்கள். அது மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வந்தது. மேஜைமேல் மஞ்சள் சட்டை. பக்கத்தில் அளவு நாடா. சட்டையின் நெஞ்சில், தட்டிக்கொடுப்பது போல ஒரு கை. கட்டைவிரல் நகம் கறுத்த கை. முகம் கிடையாது.

மூன்றாவது படம் வந்தபோதுதான் டீச்சருக்குப் பொறி தட்டியது. முதல் படத்தைத் தேடி எடுத்தாள்.

"இங்க பாருங்க. சட்டை பெரிசாயிருக்கு."

கணவன் எட்டிப் பார்த்தான். "கேமராவைக் கிட்ட வச்சு எடுத்திருப்பாங்க."

"நாடாவைப் பாருங்க. அப்ப முப்பது சென்டிமீட்டர். இப்ப முப்பத்தஞ்சு. எடையும் கூடியிருக்கு."

"நல்லா சாப்பிடுது போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து வந்து பாப்பாவின் தோளில் வைத்து முழங்கால் வரை பிடித்தாள்.

முப்பத்தைந்து.

நாலாவது படம் ஒரு மத்தியானம் வந்தது. இந்தத் தடவை சட்டையின் கைகளை யாரோ மெனக்கெட்டு ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். ஒரு கை தலைக்கு மேலே. இன்னொரு கை மடங்கி நெஞ்சின்மேல்.

டீச்சர் மெல்லத் திரும்பித் தொட்டிலைப் பார்த்தாள்.

பாப்பா அதே மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அதே கை மேலே. அதே கை மடங்கி.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பட்டப்பகலில், மூன்றாவது மாடியில், எதற்குச் சாத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தாவது படத்தில் சட்டை பாப்பாவையே தாண்டிவிட்டது. நாற்பத்திரண்டு. பாப்பா இன்னும் எட்டாத அளவு. டீச்சர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள்.

"சார், யாரோ என் குழந்தையை நோட்டம் பாக்குறாங்க."

"நல்ல சேதி டீச்சர், சட்டை இன்னிக்குக் கப்பல் ஏறிடுச்சு."

"சட்டை எக்கேடும் கெட்டுப் போகட்டும்! அந்தக் கை யாருது? நான் வாங்கின சாமானை மாத்தி மாத்தி வைக்க அவங்க யாரு? அந்த ஆளை வேலையை விட்டு எடுக்கணும். எழுத்துல தர்றேன்."

தந்தாள். நம்பர் போட்டு ஆறு குற்றச்சாட்டு, ஒரு பிழை கிடையாது.

முப்பத்துநாலாம் நாள் பெட்டி வந்தது. டீச்சர் அதைத் தொடவே இல்லை. செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் அது பாட்டுக்குக் கிடந்தது. சாயங்காலம் கணவன்தான் கிழித்துச் சட்டையை எடுத்து, அவள் தடுப்பதற்குள் பாப்பாவுக்குப் போட்டுவிட்டான்.

தோள் கச்சிதம். கை கச்சிதம். ஒரு விரற்கடை கூட அதிகமில்லை.

"கழட்டுங்க! முதல்ல அதைக் கழட்டுங்க!"

"இரு, இதுல ஏதோ காகிதம் இருக்கு."

ஒரே ஊசியில் குத்திய நாலு சீட்டு. நாலும் அந்தக் கடையின் சீட்டு, சாமான் மாற்றிக்கொண்டதற்குத் தருவது. நாலிலும் வேறு வேறு தேதி. கடைசிச் சீட்டின் பின்னால் புரியாத மொழியில் பொடிப் பொடியாக எழுத்து. கணவன் போனைக் காட்டித் தமிழாக்கி வாசித்தான்.

'அம்மா, உங்கள் பெட்டி கப்பலைத் தவறவிட்டபோதெல்லாம் கடைக்குப் போய் அடுத்த அளவு மாற்றி வந்தேன். குழந்தை காத்திருக்காது, வளர்ந்துவிடும். இந்த முறை கடலில் போகும் நாட்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். நானும் ஒரு தாய்; என் மகள் சின்னதில் ஒரு கையை மேலே, ஒரு கையை நெஞ்சில் வைத்துத்தான் தூங்குவாள், சட்டையையும் அப்படியே வைத்துப் படம் எடுத்தேன். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தானோ?'

பாப்பா மஞ்சள் சட்டையின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். டீச்சர் போனை வாங்கி ஏஜென்ட்டைக் கூப்பிட்டாள்.

"சார், என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். கிடங்குல இருக்கிற அந்தம்மாகிட்ட நான் பேசணும்."

"எந்தம்மா? ஓ, அதுவா! நீங்க எழுதிக் கொடுத்த அன்னிக்கே அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களே டீச்சர்."

"அன்னிக்கேவா? அவ்வளவு சீக்கிரமா?"

"பின்ன? சாமான்தானே டீச்சர் கப்பல்ல வரணும். புகார் அந்த நிமிஷமே போயிடும்."