பச்சைக் குறி

ஜன்னலோர வேலைமேசையில் ஓரின் குனிந்திருக்கிறார். கைத்துப்பாக்கியின் மேல்பாகத்தை மட்டும் கழற்றி, இலக்கைப் பார்க்க முனையில் பொருத்தியிருக்கும் சிறு குறியைத் தள்ளி எடுக்கும் கருவியில் இறுக்கி, அதன் கைப்பிடியை முறுக்குகிறார். எண்ணெய் விட்டும் பழைய கறுப்பு முன்குறி அசையவில்லை. அவர் தோளை ஒட்டி மனைவி டெல்மா நிற்கிறாள். மொன்டானா மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் வென்ற அவளுடைய பார்வையின் நடுவே இப்போது புகை போல ஒரு மறைப்பு. மருத்துவர் கையை விரித்துவிட்டார். பளிச்சென்ற பச்சைக் குறி போட்டால் தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

“பல்லுப் புடுங்குறியா, குறியக் கழட்டுறியா?”

“வந்துட்டே இருக்கு. கொஞ்சம் பொறு.”

டக்கென்று குறி விடுபட்டு மேசையில் விழுகிறது. மேல்பாகத்தைக் கருவியிலிருந்து எடுத்து, குறி இருந்த வெறும் பள்ளத்தை ஓரின் துணியால் துடைக்கும்போதே, வேலை முடிந்ததென்று நினைத்து, டெல்மா மேல்பாகத்தை வாங்கி ஜன்னலுக்கு நேராக நீட்டிப் பிடிக்கிறாள். முற்றத்துப் பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவள் முகமெல்லாம் பரவுகிறது.

“தெரியுது ஓரின். பச்சையா, நல்லா பெருசா தெரியுது. அடுத்த போட்டிக்கு என் பேரக் குடுத்துரு.”

புதிய பச்சைக் குறி இன்னும் உறை பிரிக்காமல் அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

“சரி, குடுத்துடறேன்” என்கிறார். திரும்ப வாங்கக் கை நீட்டுகிறார். அவள் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.