என் காசை வாங்காதே!

"ஒனோஃப்ரே, மத்தியானம் பில் வரும்போது நான் என்ன கத்தினாலும் சரி, என் காசை மட்டும் வாங்காதே!"

காலையில் உணவகம் திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், சமையலறைப் பக்கமாக வந்து கிசுகிசுத்தார் ஹினேஸ்.

சர்வர் ஒனோஃப்ரே அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களுமா?"

"நீங்களுமான்னா?"

"ஒண்ணுமில்லீங்க. போயிட்டு ஒரு மணிக்கு வாங்க."

ஹினேஸ் ஒன்றும் கெட்டவரில்லை. ஆனால் பில் கட்டுகிற சண்டையில் அவரை மிஞ்ச கார்த்தஹேனா துறைமுகத்திலேயே ஆள் கிடையாது. பர்ஸை உருவுவார், எதிராளியின் கையைப் பிடிப்பார், நாற்காலி கீழே விழ எழுந்து நின்று கத்துவார். கடைசியில் நூலிழையில் தோற்றுப்போவார். ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. அப்புறம் யார் கட்டினார்கள் என்று விசாரித்ததும் கிடையாது.

இன்றைக்கு விஷயம் பெரிசு. மகள் ரெமேயைக் கட்டிக்கப் போகிற பையனின் அப்பா லெயாந்த்ரோ, பக்கத்து ஊரிலிருந்து குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். முதல் நாளே கஞ்சப்பிசினாறி என்று பேர் வாங்கினால் சம்பந்தி வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. அதற்காகப் பத்துப் பேர் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கவும் மனசு வருமா? பர்ஸைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். மேலே ஒரே ஒரு ஐம்பது யூரோ நோட்டு. உள்ளே புடைக்கப் புடைக்க சூப்பர்மார்க்கெட் தள்ளுபடிச் சீட்டு.

"நல்ல இடம் சம்பந்தி," என்றார் லெயாந்த்ரோ உட்கார்ந்ததும். "காலையிலேயே ஒரு நடை வந்து பாத்துட்டுப் போனேன்."

"உங்களுக்கு ஏன் சிரமம் சம்பந்தி!"

சாப்பாடு ஜமாய்த்தது. சுட்ட ஆக்டோபஸ் வந்தது. மீனும், மீன் சாற்றில் வெந்த சோறும் சட்டியோடு வந்தன. லெயாந்த்ரோ இன்னொரு பாட்டில் ஒயின் சொன்னார். ஹினேஸ் சளைப்பாரா? இரண்டாகச் சொன்னார். யார் வீட்டுக் காசு!

பிராந்தி ஊற்றின காபியும் முடிந்தது. லெயாந்த்ரோ சர்வரைப் பார்த்துக் காற்றில் கையெழுத்துப் போட்டு பில் கேட்டதுதான் தாமதம், ஹினேஸின் மச்சினன் தாமியான் எழுந்தான்.

"டாய்லெட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

ஹினேஸ் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா சம்பந்தி? என் மச்சானுக்கு பில் வந்தாத்தான் முட்டிக்கிட்டு வரும்!"

"எல்லாக் குடும்பத்திலயும் இப்படி ஒரு ஓசிக் கிராக்கி இருக்கத்தான் செய்யும்," என்று லெயாந்த்ரோவும் தலையை ஆட்டினார்.

"மாமாவை விடுங்கப்பா, பாவம்," என்றாள் ரெமே.

"நீ சும்மா இரும்மா. வெக்கம்னு ஒண்ணு வேணாம் மனுஷனுக்கு?"

ஒனோஃப்ரே பில்லைக் கொண்டுவந்து தட்டோடு நடுவில் வைத்தான். தொடங்கியது யுத்தம்.

"கையை எடுங்க சம்பந்தி, இன்னைக்கு என் விருந்து!"

"எங்க ஊருக்கு வந்துட்டு நீங்க காசு எடுக்கறதா? என்னைக் கேவலப்படுத்தாதீங்க!"

"பொண்ணு உங்களது, பில் என்னது!"

"ஒனோஃப்ரே! அவர் காசை வாங்கினே, இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

"என் கார்டைத் தொடலேன்னா நானும் மிதிக்க மாட்டேன்!"

பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஹினேஸ் வழக்கம்போல நோட்டை ஆட்டிக்கொண்டே, தோற்பதற்காகக் காத்திருந்தார். ஒனோஃப்ரே அசையவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றான்.

ஹினேஸ் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். அட, அவர் கார்டை வாங்கித் தொலையேன்டா!

ஒனோஃப்ரே உதட்டைப் பிதுக்கினான். அப்போதுதான் ஹினேஸ் எதிரே பார்த்தார். லெயாந்த்ரோவும் அதே ஒனோஃப்ரேயைப் பார்த்து விடாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தார்.

அடப்பாவி!

அதிர்ச்சியில் பிடி நழுவியது. பர்ஸ் எச்சில் தட்டில் கவிழ்ந்து, துணி சோப்பு ரெண்டு வாங்கினால் ஒண்ணு இலவசம் என்ற சீட்டெல்லாம் மீன் முள்ளின் மேல் பரவியது. அதைப் பிடிக்கப் போன லெயாந்த்ரோவின் கார்டும் ஒயினில் விழுந்தது. ரெமே அதை எடுத்துத் துடைத்து, யோசிக்காமல் உரக்கப் படித்துவிட்டாள்.

"நகராட்சி நீச்சல் குளம். முதியோர் சலுகை."

இரண்டு அப்பாக்களும் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹினேஸ் சீட்டுகளை முள்ளோடு சேர்த்து அள்ளினார்.

"எ... எவ்வளவுப்பா ஆச்சு?"

"பணம் எப்பவோ கட்டியாச்சுங்க."

"யாரு?"

ஒனோஃப்ரே மோவாயால் காட்டினான். டாய்லெட் கதவுக்குப் பக்கத்திலேயே கல்லா இருந்தது. இத்தனை வருஷம் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காத ஹினேஸ் அதை இப்போதுதான் பார்த்தார்.

"உங்க மச்சினர்தான். எப்பவும் போல," என்றான் ஒனோஃப்ரே. "இருந்தாலும் பில்லைக் கொண்டுபோய் வை, ரெண்டு பேரும் ஆசை தீரச் சண்டை போட்டுக்கட்டும்னாரு."

கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான் தாமியான்.

"என்ன அத்தான், இன்னைக்கு யாரு ஜெயிச்சது?"