அறையைவிடக் குளிர்ந்த நீர்

அக்காவுக்குப் புயலின் பாதையைக் கணிக்கும் வேலை. அவளுடைய கணினியோ கணக்கு பாதியை எட்டுவதற்குள் சூடேறிப் படுத்துவிடும். கணினிக் கடை வைத்திருந்த தம்பி, இரண்டு விசிறி ரேடியேட்டர் தாங்காது என்று, மூன்று விசிறி போடும் தடித்த ரேடியேட்டராகப் பார்த்து எடுத்துவந்து மாட்டினான். கணினியின் சூட்டைக் குழாய் நீர் வாங்கிவரும்; ரேடியேட்டர் அந்த நீரை விசிறிக் காற்றில் ஆற்றித் திருப்பி அனுப்பும்.

கரையை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு புயலுக்கான கணக்கு ஓடியது. அறையின் வெப்பம் முப்பது டிகிரி. குழாயில் ஓடிய நீரின் வெப்பம் இருபத்தாறு என்று திரை காட்டியது, பிறகு இருபது.

"டேய், ஃபிரிட்ஜை உள்ளே ஒளிச்சு வெச்சியா?" என்றாள் அக்கா.

"விளையாடாதேக்கா. ஃபேன் இந்த ரூம் காத்தைத்தானே இழுக்குது? எவ்ளோ பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்ணி ரூமைவிடக் குளிராது."

வேறு சென்சார் மாட்டினான். பதினான்கு. நிறுத்திவிடலாமா என்று அவன் கை போனது.

"தொடாதே! கரையோரத்துல ஜனங்க இருக்காங்க."

விசிறிகளிலிருந்து ஈரக்காற்று அடித்தது. எந்தக் குழாயும் ஒழுகவில்லை. விடை வந்தது. புயல் கரையேறப் போவது யாரும் நினைத்திராத வடகரையில். அக்கா போனை எடுத்தாள்.

மறுநாள் புயல் அங்கேதான் கரையைக் கடந்தது. ஊர்கள் அதற்குள் காலியாகியிருந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. செய்தியைக் கேட்ட தம்பி கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, மெல்ல அக்காவைக் கூப்பிட்டான். அந்த வீட்டிலிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். மூன்று விசிறிகளின் இறக்கைகளிலும் உப்பு வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது.